மலையில் நிறுத்தும் கேரவன் டிரெய்லர்: தண்ணீர், மின் இணைப்பு குறித்துச் சில ஐயங்கள்

கோவைப் பயணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய கேரவன் டிரெய்லர் ஒன்றை அண்மையில் பழையதாக வாங்கினோம். அரையாண்டு விடுமுறையில் கோத்தகிரிக்கு அருகே உறவினரின் தேயிலைத் தோட்டத்து வீட்டு முற்றத்தில் அதை நிறுத்தித் தங்கிவிட்டு, அதன்பின் உதகையிலும் கொடைக்கானலிலும் சில நாள்கள் இருக்கலாம் என்பது திட்டம். என்னுடன் மனைவி, மகள், எழுபதைத் தாண்டிய என் தாயார் ஆகியோர் வருகிறார்கள்.

டிரெய்லரில் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 12 வோல்ட் பம்ப், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, இன்வெர்ட்டர், வெளி மின்சாரத்துக்கு ஒரு 15 ஆம்பியர் பிளக் ஆகியவை உள்ளன. முன்பு வைத்திருந்தவர் குளியலறைக்குள் ஒரு கேஸ் கீசரையும் பொருத்தியிருக்கிறார்.

ஒத்திகையாக உறவினர் வீட்டில் நிறுத்திப் பிளக்கைச் செருகியபோது, ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று டிரெய்லரின் இரும்புப் படியைத் தொட்ட என் மகளுக்குச் சுருக்கென்று இருந்தது. மழைக்காலத்தில் அப்படித்தான் இருக்கும் என்று உறவினர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தோட்டத்தின் மேற்பகுதியில் உள்ள தொட்டியிலிருந்து வரும் ஹோஸ் குழாயை டிரெய்லரில் நேராக இணைத்தபோது குழாய்களில் தண்ணீர் பீறிட்டது. பம்ப்பை நிறுத்தியிருந்தும் உள்தொட்டி தானாக நிரம்பி வழிந்தது. தொட்டித் தண்ணீரில் ஒரு வாடையும் இருக்கிறது. கேஸ் கீசரை அப்படியே பயன்படுத்தலாமா என்பதும் தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கோத்தகிரி வயர்மேன்

வணக்கம் சார். சுருக்கென்று அடித்ததை மழையின் மீது பழிபோட்டு விட்டுவிடக் கூடாது. அந்த வீட்டின் எர்த்தும் உங்கள் டிரெய்லரின் வயரிங்கும் சோதிக்கப்படும்வரை அங்கே பிளக்கைச் செருகாதீர்கள். மற்றக் கேள்விகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

டிரெய்லர் ரப்பர் டயர்களின் மேல் நிற்கிறது. அதனால் அதன் உலோக உடல் தரையோடு தானாகத் தொடர்பு கொள்வதில்லை. பிளக்கின் பெரிய முள் வழியாக வரும் எர்த் கம்பி ஒன்றே அதற்குப் பாதுகாப்பு. பேட்டரி சார்ஜர் போன்ற கருவிகளின் உள்ளே, மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் சிறு கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். வீட்டு எர்த் அறுந்திருந்தால் அவற்றின் வழியே டிரெய்லரின் உடல் ஏறத்தாழ 115 வோல்ட்டில் மிதக்கும். அந்த மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுருக்கென்பதோடு நின்றுவிடும். ஆனால் எலி கடித்த வயரோ ஈரம் ஏறிய ஹீட்டர் காயிலோ உடலைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் முதலில் தெரியும் அறிகுறி இதுவேதான். இரண்டில் எது என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. வறண்ட செருப்புக் காலுக்குச் சுருக்கென்று தெரிவது, நனைந்த வெறுங்காலுக்கு உயிரைப் பறிப்பதாகிவிடும்.

மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் காட்டுகிறது, ஆகவே எர்த் இருக்கிறது என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு; ஆகவே துருப்பிடித்து நூலிழையாக நிற்கும் எர்த் கம்பியிலும் அது முழு வோல்ட்டைக் காட்டும். பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மாட்டிப் பார்ப்பது இன்னும் ஆபத்து: எர்த் அறுந்திருந்தால், அந்த வீட்டில் எர்த் கம்பியோடு சேர்ந்த எல்லாக் கருவிகளின் உடலுக்கும் அந்தப் பல்பின் வழியே மின்சாரம் ஏறும். எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து, எர்த் குழியின் மின்தடையை ஓம் கணக்கில் அளந்து சொல்லச் சொல்லுங்கள். நம் மலையில் பல வீடுகள் பாறையின் மேல் மெல்லிய மண் போர்த்திய இடங்களில் நிற்கின்றன, 2.5 மீட்டர் குழாயை முழுமையாக இறக்க முடியாமல் பாதியில் விட்ட குழிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மண் ஈரமாக இருக்கும்வரை அவை ஒப்பேற்றும். மாசி, பங்குனியில் மண் காய்ந்ததும் மின்தடை பலமடங்கு ஏறிவிடும்.

டிரெய்லருக்குள் வெளி மின்சாரம் நுழையும் இடத்திலேயே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால், டிரெய்லரில் செய்யும் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். ஒவ்வொரு முறை இணைத்த பிறகும் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அந்தப் பொத்தான் கருவி வேலை செய்கிறதா என்பதை மட்டுமே காட்டும். எர்த் நன்றாக இருப்பதற்கு அது சான்று ஆகாது.

மலைப்பாதை

வயர்மேன் அண்ணா சொல்வது சரிதான். ஆனால் உறவினர் வீட்டில் குழி தோண்டச் சொல்வது எளிதல்லவே. டிரெய்லருக்குப் பக்கத்திலேயே ஒரு செம்பு பூசிய கம்பியை அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி, டிரெய்லர் உடலோடு இணைத்துவிட்டால் போதாதா? திருவிழா மேடைகளில் அப்படித்தானே செய்கிறார்கள்?

கோத்தகிரி வயர்மேன்

கம்பி அடிப்பது தவறில்லை, தம்பி. அதை மட்டும் நம்புவதுதான் தவறு. ஒரு கணக்குப் பாருங்கள். நம் மண்ணில் அடித்த ஒரு சிறு கம்பிக்கு 50 ஓம் மின்தடை என்று வைத்துக்கொள்வோம். அது கிடைப்பதே நல்ல மண்ணில்தான். பேஸ் கம்பி டிரெய்லர் உடலைத் தொட்டுவிட்டால், 230 வோல்ட்டை 50 ஓமால் வகுக்க, 4.6 ஆம்பியர் மண்ணுக்குள் ஓடும். அளவுக்கு மீறி மின்னோட்டம் ஓடினால் மட்டும் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு சாதாரண இஸ்திரிப் பெட்டி ஓடுவதைப் போலத்தான், அது விழாது, அதாவது இணைப்பைத் துண்டிக்காது. டிரெய்லர் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும், படியில் கால் வைப்பவர் அதை வாங்கிக்கொள்வார். அதே இடத்தில் ஆர்.சி.சி.பி. இருந்தால், 0.03 ஆம்பியர் கசிந்ததுமே இணைப்பைத் துண்டித்துவிடும். ஆகவே கம்பி வேண்டுமென்றால் ஆர்.சி.சி.பி. உடன் மட்டும். தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டும் பழைய வழக்கத்தை நினைக்கவே வேண்டாம். இப்போது பெரும்பாலான குழாய்கள் பிளாஸ்டிக்.

இன்வெர்ட்டரில் ஓட்டும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. அப்போது வெளி மின்சாரம் இல்லை; இன்வெர்ட்டரின் நியூட்ரல் டிரெய்லர் உடலோடு இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருந்தால், கசிவு திரும்பிச் செல்ல வழியில்லாததால் ஆர்.சி.சி.பி. வேலை செய்யாது. வெளி மின்சாரத்துக்கு மாறும்போது அந்த இணைப்புத் தானாக விலகவும் வேண்டும். சில இன்வெர்ட்டர்களில் இதற்கான ரிலே உள்ளேயே உண்டு, சிலவற்றில் இல்லை. வயரிங்கைச் சரிபார்ப்பவரிடம் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

ஏரிக்கரை, கொடைக்கானல்

வணக்கம். கொடைக்கானலில் சிறிய தங்குமிடம் நடத்துகிறேன். எங்கள் வளாகத்தில் கேரவன்களை நிறுத்தவும் இடம் தருகிறோம். மின்சாரத்தைப் பற்றி ஐயா எழுதியதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன்.

சமவெளியில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்குப் பழகியவர்கள், மலைச்சரிவில் வரும் தண்ணீரின் அழுத்தத்தைக் குறைவாக மதிப்பிட்டுவிடுகிறார்கள். தொட்டிக்கும் குழாய் வாய்க்கும் இடையே ஒவ்வொரு 10 மீட்டர் உயர வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் சேரும். உங்கள் உறவினரின் தொட்டி தோட்டத்தில் 60 மீட்டர் மேலே இருந்தால், கீழே 6 பார். டிரெய்லரின் பம்ப் பெரும்பாலும் 3 பாரை ஒட்டி நின்றுவிடும். அதன் குழாய்களும் இணைப்புகளும் அந்த அளவை மனத்தில் கொண்டு பொருத்தப்பட்டவை. பகலில் பக்கத்து வீடுகளில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருக்கும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். நள்ளிரவில் எல்லோரும் குழாயை மூடிய பிறகுதான் முழு அழுத்தமும் உங்கள் இணைப்புகளின் மேல் வந்து நிற்கும், எல்லோரும் தூங்கும் நேரத்தில் கட்டிலுக்கு அடியில் உள்ள இணைப்பு கழன்று தரை நனையும், அந்தத் தண்ணீர் பேட்டரிப் பெட்டி வரை போகும்.

அழுத்தக் குறைப்பு வால்வைத் தோட்டத்துக் குழாயின் முனையிலேயே பொருத்தினால் ஹோஸும் பாதுகாக்கப்படும். இருந்தாலும் எங்களிடம் தங்க வருபவர்களுக்கு நேரடி இணைப்பே வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஹோஸால் உள்தொட்டியை நிரப்பிக்கொண்டு, குழாயை மூடிவிட்டு, பம்ப் வழியாகப் பயன்படுத்துங்கள். 80 லிட்டர் தீர்ந்தால் மறுபடியும் நிரப்பிக்கொள்ளலாம். எங்கே கசிந்தாலும் 80 லிட்டருக்கு மேல் போகாது.

உள்தொட்டி தானாக நிரம்பியதற்குக் காரணம் பம்ப்பில் உள்ள ஒருவழி வால்வாகத்தான் இருக்க வேண்டும். அது தேய்ந்தாலோ, மணல் துகள் சிக்கினாலோ வெளித் தண்ணீர் பம்ப்பின் வழியே பின்னோக்கித் தொட்டிக்குள் போகும். பம்ப்புக்கு முன்னால் உள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள். பிறகும் நிரம்பினால் வால்வையோ பம்ப்பின் தலைப்பகுதியையோ மாற்ற வேண்டியிருக்கும். எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் பம்ப் இடையிடையே தானாக ஓடி நிற்கிறதா என்றும் கவனியுங்கள். ஓடினால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது இதே வால்வு பிடிக்கவில்லை. இரவிலும், வெளியே செல்லும்போதும் பம்ப்பின் சுவிட்சை அணைத்து வைப்பது நல்ல பழக்கம்.

வாடைக்கு வருவோம். முதலில் வடிகட்டிக் குடுவையில் உள்ள கார்பன் உருளையை எடுத்துவிடுங்கள். அது குளோரினை உறிஞ்சிவிடும். தொட்டியைக் காலி செய்து, பாதி நிரப்பி, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் 80 மில்லி லிட்டரை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றி, தொட்டியை முழுதும் நிரப்புங்கள். வாசனையும் சோப்பும் சேர்த்த ரகம் கூடாது. எந்த அமிலத் துப்புரவு திரவத்தோடும் கலக்கவும் கூடாது. ஒவ்வொரு குழாயையும், வெந்நீர்ப் பக்கத்தையும் சேர்த்து, குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடிவிட்டு, நான்கு மணி நேரமாவது அப்படியே விடுங்கள். பிறகு வடித்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசி, புதிய உருளையைப் போடுங்கள். பச்சை நிறத் தோட்ட ஹோஸில் நாள்கணக்கில் தேங்கிய தண்ணீரும் வாடைக்குக் காரணமாகும். ஆகவே குடிநீருக்கென்றே உணவுத்தர ஹோஸ் ஒன்றை வாங்கி, இரு முனைகளையும் மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

தாயாரும் குழந்தையும் இருப்பதால் குடிநீரைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்கிறேன். இயற்கை ஊற்று, மூலிகைத் தண்ணீர் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஊற்றுக்கு மேலே கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு நிலமோ தேயிலையோ இருந்தால், அங்கே தெளித்த மருந்து தண்ணீரில் இருக்கக்கூடும். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து போகாது. குடிக்கவும் சமைக்கவும் உள்ளாட்சி விநியோகிக்கும் சுத்திகரித்த நீரையோ குடிநீர் ஏ.டி.எம். நீரையோ கேனில் பிடித்து வையுங்கள். அதைக் காய்ச்சும்போதும் உயரத்தை நினைவில் கொள்ள வேண்டும். உதகையும் கொடைக்கானல் நகரும் 2000 மீட்டருக்கு மேலே இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே தளதளவென்று கொதி வந்த பின் மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும். கோத்தகிரியில் ஒரு நிமிடம் போதும்.

கழிவுநீரைச் சாலையோர வாய்க்காலில் திறந்துவிடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மலையில் எந்த வாய்க்காலும் யாரோ ஒருவருடைய குடிநீருக்குத்தான் போய்ச் சேருகிறது. எங்கள் பேரிஜம் ஏரித் தண்ணீரைப் பெரியகுளம் மக்கள் குடிக்கிறார்கள். பாத்திரம் கழுவிய நீரைக் கேனில் சேர்த்து, இடத்துக்காரரின் உறிஞ்சுகுழியில் ஊற்றுங்கள். கழிப்பறைத் தொட்டியைக் கேட்டு அனுமதி பெற்றுச் செப்டிக் தொட்டியில்தான் காலி செய்ய வேண்டும். அதற்கு ஃபார்மால்டிஹைடு கலந்த திரவம் போடாதீர்கள், செப்டிக் தொட்டியில் கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும்.

உதகைவாசி

கேஸ் கீசரைப் பற்றி யாரும் எழுதவில்லை. என் கருத்தில் இந்தத் திரியிலேயே மிகவும் அவசரமானது அதுதான். குளியலறைக்குள் பொருத்திய, வெளியே புகைக்குழாய் இல்லாத கேஸ் கீசரைக் கழற்றிவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பனிக்காற்றில் தாயார் குளிக்கும்போது அந்த ஜன்னலை யாரும் திறந்து வைக்கப் போவதில்லை.

அந்தச் சிறிய அறையின் ஆக்சிஜன் சில நிமிடங்களில் குறைந்து, எரிதல் முழுமையடையாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வருவதற்குள் கதவைத் திறக்கும் வலு போய்விடும். உதகையின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் நீல நிறத்தில் எரிந்த பர்னர் இங்கே மஞ்சளாகவும் கரியோடும் எரிவதற்கு அதுவே காரணம். குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்திகள் இந்த மலைகளிலிருந்தே வந்திருக்கின்றன. வெந்நீருக்கு வெளிக்காற்றை எடுத்துப் புகையை வெளியே தள்ளும் மூடிய அமைப்புள்ள கீசரைப் பொருத்தலாம். அதுவரை அடுப்பில் காய்ச்சி வாளியில் கலந்து குளிப்பதே நல்லது. சமைக்கும்போதும் ஜன்னல் திறந்திருக்கட்டும். படுத்திருக்கும்போது தலை இருக்கும் உயரத்தில் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும், சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரையை ஒட்டி எரிவாயுக் கசிவு அலாரம் ஒன்றையும் பொருத்துங்கள். தரையில் உள்ள காற்றுத் துளையைக் குளிருக்காக மிதியடியால் மூடிவிடாதீர்கள்.

உறைபனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோத்தகிரியில் அதன் தொல்லை குறைவு. இங்கே மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று பள்ளங்களில் போய்த் தேங்கும்; தலைக்குந்தா, காந்தல், அவலாஞ்சி பக்கம் புல்வெளி விடியலில் வெள்ளையாகிவிடும். அதனால் பள்ளத்துப் புல்வெளியில் நிறுத்தாமல் சற்று மேட்டுச் சரிவில் நிறுத்துங்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதால், முதலில் விரிசல் விடுவது வடிகட்டிக் குடுவையும் பம்ப்பின் தலையும்தான். வெளியில் தொங்கும் ஹோஸை மாலையிலேயே கழற்றி வடித்துவிட்டு, பம்ப்பை அணைத்து, குழாய்களைத் திறந்து, தாழ்நிலை வடிகால் வழியே தண்ணீரை இறக்கிவிட்டால் நம் ஊர்ப் பனிக்கு அதுவே போதும். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டைக் குடிநீர்க் குழாயில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். பெரும்பாலானவற்றில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பூச்சியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். கூரையில் சோலார் தகடு இருந்தால், பனி விழுந்த காலையில் வெயில் பட்டதுமே அது சார்ஜ் செய்யத் தொடங்கும். குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி உங்கள் பேட்டரியின் கட்டுப்பாட்டுப் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி டிரெய்லருக்குள்ளேயே, மனிதர்கள் தூங்கும் இடத்தை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது.

கோவைப் பயணி

மூவருக்கும் மிக்க நன்றி. கீசரைக் கழற்றச் சொல்லிவிட்டேன். உறவினர் வீட்டு எர்த்தைச் சோதிக்க அவரும் ஒப்புக்கொண்டார். தாயாருக்கு இரவில் குளிர் தாங்காது என்பதுதான் இப்போது கவலை. 2000 வாட் ரூம் ஹீட்டர் ஒன்று இருக்கிறது. மின்தடை ஏற்பட்டால் அதை இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

கோத்தகிரி வயர்மேன்

ஓட்ட முடியாது சார். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 2000 வாட் எடுத்தால், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து 170 ஆம்பியர் வரை இழுக்கும். 100 ஆம்பியர்-மணி பேட்டரிகள் பலவும் 100 ஆம்பியருக்கு மேல் தாங்காமல் தானாகத் துண்டித்துக்கொள்ளும். தாங்கினாலும் அரைமணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். பேட்டரிக் கம்பியின் இணைப்பு சற்றுத் தளர்ந்திருந்தால் அந்த இடத்தில் தீயே பிடிக்கலாம். பேட்டரி முனையை ஒட்டி, கம்பியின் தடிமனுக்கு ஏற்ற ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் இத்தோடு பார்த்துவிடுங்கள்.

வெளி மின்சாரத்தில், சோதித்த 15 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து ஓட்டலாம்; 8.7 ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் கம்பிச்சுருள் சிவந்து எரியும் ரகத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்காமல், எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ரகத்தை 1000 வாட்டில் வைத்தால் அந்தச் சிறிய இடத்துக்குப் போதும். வீட்டிலிருந்து டிரெய்லருக்கு வரும் வயர் 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் செம்பு வயராக இருக்கட்டும். சுருளாகக் கிடந்தால் உள்ளேயே சூடேறி உருகும் என்பதால் அதை முழுவதும் பிரித்து விடுங்கள். இணைப்பு முனைகள் தரையில் கிடக்கக் கூடாது. மழைநீர் வயரின் வழியே வழிந்து பிளக்குக்குள் போகாதபடி, பிளக்குக்கு முன்னால் வயர் சற்றுத் தாழ்ந்து தொங்கட்டும். மாலை ஆறு மணிக்கு மேல் ஊர் முழுவதும் ஹீட்டர் போடுவதால் கடைக்கோடி வீடுகளில் வோல்டேஜ் இறங்கும். 190க்குக் கீழே போனால் சார்ஜரை அணைத்துவிடுங்கள்.

மின்சாரமே இல்லாத இரவுக்குத் தாயாரின் காலடியில் ஒரு வெந்நீர்ப் பையும் கனமான கம்பளியும்தான். சிறிய ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த உயரத்தில் அது தன் திறனில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும், அதன் புகையிலும் உதகை நண்பர் சொன்ன அதே நஞ்சு இருக்கிறது. எடுத்தாலும் டிரெய்லரிலிருந்து தள்ளி, காற்று அடித்துச் செல்லும் பக்கமாக வைத்துப் பகலில் பேட்டரியை நிரப்பிக்கொள்ளுங்கள். இரவில் ஓடவிட்டுத் தூங்க வேண்டாம்.

இணைக்கும்போது உள்ளே எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, வயரை முதலில் டிரெய்லரில் மாட்டி, கடைசியாக வீட்டுச் சாக்கெட்டில் செருகுங்கள். கழற்றும்போது வீட்டுப் பக்கம்தான் முதலில். எர்த் சோதனை முடிந்ததும் ஓம் அளவையும், ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி ஆம்பியரில் விழுந்தது என்பதையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.